ஊர்க்கணக்கின் வரலாறும் நம் கடமையும்

“கணக்கன் கெட்டால் பழங்கணக்குப் பார்ப்பான்” என்பது நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. கைப்பொருள் இழந்த கணக்கன், தனக்குக் கடன்பட்டார் எவரேனும் உளரோ எனப் பழைய ஏடுகளைப் புரட்டுவான் என்பது அதன் கருத்து. நம் முன்னோருட் பலர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்கணக்குப் பணி ஆற்றியவராதலின், இப்பழமொழி நம் மரபினரைச் சுட்டி எள்ளலாகச் சொல்லப்பட்டதும் உண்டு. இன்று நாமும் பழங்கணக்குப் பார்க்கப் புகுகின்றோம். ஆனால் கெட்டமையால் அன்று. நிலக்கணக்கெல்லாம் கணினியில் ஏறிவிட்ட இக்காலத்தில், அக்கணக்கு எங்ஙனம் உண்டாயிற்று, எவர் கைகளில் வளர்ந்தது, எங்கே பிழைபட்டது என்பவற்றை அறிந்தாலன்றி நம் நிலத்தைக் காத்தல் அரிது; பிறர்க்கு நாம் இறுக்கவேண்டிய கடன் இன்னதென உணர்தலும் அரிது. ஆதலின், தமிழ்நாட்டு ஊர்க்கணக்கின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறி, அதனால் நமக்கு உண்டாகும் கடமையை முடிவிற் காட்டுவாம்.

சோழர் காலத்துக் கணக்கு

நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உரியவர் பெயரை ஏட்டில் ஏற்றும் வழக்கம் ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. முதலாம் இராசராசன் 1001 ஆம் ஆண்டையொட்டித் தன் நாடு முழுதும் நிலம் அளப்பித்தான். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிற் காணும் நில அளவுகளை நோக்குவார் வியப்படையாதிரார். மா என்பது இருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இம்முந்திரியையும் கீழ்முந்திரியாகவும் அதனிற் சிறிய பின்னங்களாகவும் பகுத்துச் சென்று, ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு வரையிற் கணக்கிட்டிருக்கின்றனர். அத்துணைச் சிறு நிலத்தைக் கோல்கொண்டு அளத்தல் இயலாதெனினும், வரியைக் கணக்கிடுங்கால் எக்கூறும் விடுபடலாகாது என்ற கருத்து அதனால் விளங்கும். பின்னர் முதற் குலோத்துங்கன் 1086 ஆம் ஆண்டில் மீண்டும் நிலம் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ஆணையால் ‘டூம்ஸ்டே’ என்னும் நிலப்பதிவு நிகழ்ந்ததும் அதே ஆண்டிலேயாம்.

அக்காலத்தில் வருவாய்க் கணக்கைப் பேணிய பகுதிக்குப் புரவுவரித் திணைக்களம் என்பது பெயர். அரசன் ஒரு நிலத்தைக் கொடையாக அளிப்பின், அவ்வாணை ஓலையில் எழுதப்பட்டு, மேலோரால் ஒப்புநோக்கப்பட்டு, வரிப்பொத்தகத்தில் ஏறும். அதன்மேல் அதிகாரிகளும் ஊராரும் கூடி, பிடியானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி வரம்பு காட்டுவர். இறுதியில் அவ்வோலையை எழுதியோரும் சான்று நின்றோரும் தத்தம் பெயரைக் குறித்து, ‘இவை என் எழுத்து’ எனக் கையொப்பம் இடுவர். இச்சிறு தொடரை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். ஏட்டில் எழுதியது எதுவாயினும் அதற்கு விடைகூறக் கடமைப்பட்ட ஒருவன் உளன் என்பதே அதன் பொருள். கணக்கு என்பதன் உயிர்நிலை அதுவேயாம்.

உத்தரமேரூர்ச் சாசனம் கணக்கர்க்கு விதித்தது

முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாட்டைக் குடவோலை முறை எனப் பாராட்டி மேடைதோறும் பேசுகின்றோம். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடத்திலிட்ட ஓலையால் தெரிந்தெடுத்த செய்தியைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின், அச்சாசனத்தில் கணக்கரைப் பற்றி வரும் பகுதியை எடுத்துக் கூறுவார் சிலரே.

நேர்மையான வழியிற் பொருள் ஈட்டியவனே ஊர்க்கணக்கு எழுதலாம். எழுதிய கணக்கை வாரியப் பெருமக்களிடம் காட்டி, குற்றமற்றவன் என்று கொள்ளப்பட்டாலன்றி அவன் மீண்டும் அப்பணிக்கு வருதல் ஆகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் கூடாது. அன்றியும், வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு உரியராகார் என்றும் அச்சாசனம் விதிக்கின்றது.

அச்சபை பிராமணர் சபை என்பதும், நிலமும் வேதக்கல்வியும் உடையாரே அதில் இடம்பெற்றனர் என்பதும் மறக்கற்பாலன அல்ல. அதனை இன்றைய மக்களாட்சி என்று கூறுதல் மிகையாகும். எனினும், கணக்கு எழுதுவோனைக் கேள்வி கேட்பதற்கு ஊரில் ஓர் அவை இருந்தது என்பதும், கணக்குக் காட்டாமை உறவினரையும் பற்றும் இழிவாகக் கருதப்பட்டது என்பதும் நாம் பெறத்தக்க உண்மைகளாம்.

கும்பினியார் காலத்துக் கணக்கு

ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையை 1763 ஆம் ஆண்டிற் கும்பினியார்க்கு அளித்தபோது, அந்நாட்டைப் பற்றி அவர்கள் அறிந்தது மிகக் குறைவு. 1767 முதல் 1774 வரையில் பர்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையை ஆய்ந்து, சற்றேறக்குறைய 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடு, குடிகள், விளைவு, மானியம் ஆகியவற்றைத் தொகுத்தார். அவர்க்கு ஆதாரமாய் நின்றவை ஊர்க்கணக்கப்பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொடுத்த ஓலைக் கணக்குக்களே. அவ்வோலைகளுள் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற் காக்கப்படுகின்றது. ஊரில் எத்துணைக் கலம் நெல் விளைந்தது என்பது மட்டுமன்றி, அந்நெல்லில் ஏரிக்கும் கோயிலுக்கும் குயவர்க்கும் வண்ணார்க்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதும் அவற்றாற் புலனாகும்.

1792 ஆம் ஆண்டில் பாராமகால் கும்பினியார் வசமாகியபோது, அலெக்சாண்டர் ரீடு என்பவரும் அவர்க்குத் துணையாயிருந்த தாமசு மன்றோவும் குடியானவரிடமே நேராக வரி தண்டும் முறையைத் தொடங்கினர். வேறிடங்களில் 1802 ஆம் ஆண்டுச் சட்டங்களால் சமீன்தாரி முறை வந்தது. கணக்கர் பணியை வரையறுக்கும் 29 ஆவது ஒழுங்குச் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. மன்றோ சென்னை ஆளுநராய் அமர்ந்த 1820 ஆம் ஆண்டு முதற்கொண்டு இரயத்துவாரி முறை மாகாணத்திற் பெரிதும் பரவிற்று.

இம்முறையில் ஊர்க்கணக்கரின் பொறுப்பு மிகப் பெரிதாயிற்று. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு குடிக்கும் ஒரு பட்டா. அவ்வாண்டில் எப்புலத்தில் என்ன பயிர், எந்நீர் பாய்ந்தது, எவர் உழுதார் என்பவற்றை நேரிற் கண்டு எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதும் ஏடே அடங்கல். ஒரு குடிக்குரிய நிலங்களை ஒருங்கே காட்டுவது சிட்டா. ஊரின் புலங்கள் அனைத்தையும் எண்முறையில் நிறுத்தி, பரப்பும் தரமும் தீர்வையும் குறிப்பது அ-பதிவேடு. 1858 ஆம் ஆண்டில் நில அளவைக்கெனத் தனித்துறை ஏற்பட்டபின், பைமாஷ் எண்கள் நீங்கிப் புதிய அளவை எண்கள் வந்தன, எல்லைக் கற்கள் நடப்பட்டன, புலப்படங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியில் கணக்கர் தம் ஏடுகளைச் சுமந்து சென்று, மேலதிகாரி முன் அவற்றை ஒப்புவித்தனர். ஜூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கு இன்றளவும் அவ்வாறே வழங்குகின்றது.

பெருமையும் குறையும்

வெயிலிலும் மழையிலும் வரப்பில் நடந்து, குறைந்த ஊதியத்திற்கு இத்துணைக் கணக்குக்களையும் அழகிய கையெழுத்தில் எழுதி வைத்த நம் முன்னோரைப் போற்றுதல் தகும். ஒரு புலத்தின் எண்ணைச் சொன்னவுடன் அதன் நான்கெல்லையையும் உடையாரையும் ஏடு பாராமலே கூறவல்ல முதியோரை நம்முட் பலர் கண்டிருப்பர். பெருமை இதுவாயின், குறையையும் மறையாது கூறுதல் வரலாறு எழுதுவார் கடன்.

கணக்கு ஊருக்கு உரியது. ஆயின் அது ஒரு வீட்டின் பெட்டிக்குள் இருந்தது. எழுத்தறியாக் குடியானவன் தன் பெயர் ஏட்டில் உளதோ என அறிதற்கும் கணக்கர் வீட்டுத் திண்ணையிற் காத்திருக்க நேர்ந்தது. வெற்றிலையும் நெல்லும் கொண்டுவந்தார்க்கு ஒரு சொல்லும், வெறுங்கையராய் வந்தார்க்கு வேறு சொல்லுமாக நடந்த இடங்களும் உண்டு. பெரியநிலக்காரர் பக்கம் சாய்ந்து எழுதப்பட்ட அடங்கல்களும் உண்டு.

இதற்கொரு சான்று கூறுவாம். செங்கற்பட்டில் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர் என்பார், ஆதிதிராவிட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறந்து, அம்மக்களுக்கு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பத்தாண்டு வரையில் அவற்றை விற்றலாகாது. அதன்பின் விற்பினும் அவ்வினத்தார்க்கே விற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என வழங்கும் அந்நிலங்கள் பல ஊர்களில் இன்று பிறர் கையில் உள்ளன. நிபந்தனை நிலம் என்பது ஏட்டில் எழுதப்பட்டிருந்தும், அது கைமாறியபோது ஏட்டை வைத்திருந்தவர் அறியாதிருந்தார் என்று கூற இயலுமோ? எல்லா ஊர்களிலும் எல்லாக் கணக்கரும் பிழைசெய்தார் என்று யாம் கூறவில்லை. எழுதுகோல் நம் கையில் இருந்த காலத்து அது நிகழ்ந்தது என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

பரம்பரை நீங்கிய வரலாறு

கணக்குப் பணி குடிவழியே செல்லும் என்பதை 1895 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்திருந்தது. 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ, அரசுப் பணியிற் பிறப்பும் வழிவழி உரிமையும் பற்றி வேற்றுமை காட்டலாகாது என விதித்தது. ஆந்திர நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், ஊர்ப்பணியும் அரசுப் பணியேயாதலின் அதனைப் பரம்பரை பற்றி அளித்தல் செல்லாதென உச்ச நீதிமன்றம் 1960 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிற் பரம்பரை ஊர்ப்பணிச் சட்டம் 1968 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டத்தால் நீக்கப்பட்டது. எனினும் பழைய குடும்பத்தினரே பல ஊர்களிற் பணியில் நீடித்தனர். 1980 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள், எம்.ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்த காலத்தில், பகுதிநேர ஊர்ப்பணியிடங்கள் அனைத்தும் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. வரி தண்டிய முன்சீபு வேலையும் கணக்கெழுதிய கர்ணம் வேலையும் ஒன்றாக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேரப் பணி தோன்றிற்று. அதனை எதிர்த்த வழக்கில், 1982 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அரசின் செயல் செல்லும் என முடிவு கூறிற்று.

அந்நாளில் நம் இல்லங்களில் உண்டான துயரை முதியோர் இன்னும் கூறுவர். ஒருநாட் பொழுதில் ஏடுகளை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையராய்த் திரும்பினோர் பலர். அத்துயர் பொய்யன்று. ஆயினும், ஆசிரியத் தொழில் செய்யும் யாம் எம் மாணாக்கரை நோக்கும்போது அவ்வொழிப்பு நீதியானது என்றே கருதுகின்றோம். எக்குடியிற் பிறந்தவராயினும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி இன்று அப்பணிக்கு வரலாம். ஒருகாலத்தில் கணக்கர் வீட்டுத் திண்ணையில் ஏற அஞ்சியவருடைய பெயர்த்தியர் இன்று அக்கணக்கை எழுதுகின்றனர். கல்வியின் பயன் இதனினும் வேறுளதோ?

இருவேறு மாற்றங்கள் ஒருங்கே வந்தமை

இக்காலத்தை ஒட்டியே மற்றொரு பெருஞ்செயலும் நடைபெற்றது. 1979 முதல் 1987 வரையில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பதன்கீழ் தமிழ்நாட்டின் நிலப்பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பழைய நிலவரித் திட்டக் காலத்திற் பட்டா பெற்றவர் இறந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகியும் அவர் பெயரே ஏட்டில் நின்றது. அதனை நீக்கி, நிலத்தை உண்மையில் அனுபவிப்போர் பெயரை ஏற்றுதல் அத்திட்டத்தின் நோக்கம். ஏக்கர், சென்ட் என்னும் அளவுகளும் அப்போது ஹெக்டேர், ஏர் என மாற்றப்பட்டன. ஒரு ஹெக்டேர் என்பது 100 ஏர்; ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட்.

நோக்கம் நன்று. ஆனால் ஊரை அறிந்த பழங்கணக்கர் நீங்கியதும், புதியவர் வந்து ஊரை அறியத் தொடங்கியதும் இத்திட்டத்தின் இடைநடுவிலேயே நிகழ்ந்தன. அதனாலும் பிற காரணங்களாலும் பிழைகள் புகுந்தன. பிழைப்பு நாடி வெளியூர் சென்றோர் பெயர் விடுபட்டது. அண்ணன் தம்பியர் நால்வர்க்குரிய நிலம் அன்று ஊரில் இருந்த ஒருவர் பெயரில் மட்டும் ஏறிற்று. அடுத்தடுத்த புலங்களின் எண்கள் இடம் மாறின. தந்தை பெயர் கணவர் பெயராகவும், கணவர் பெயர் தந்தை பெயராகவும் ஆயின. ஏக்கரை ஹெக்டேராக்கும்போது பரப்பும் சிற்சில இடங்களிற் குறைந்தது. உழுதவர் உழுதுகொண்டே இருந்தனர், ஏட்டைப் பார்த்தாரில்லை. நிலம் விற்கவோ கடன் பெறவோ புகுந்தபோதுதான் பிழை வெளிப்பட்டது.

கணினிக் கணக்கு

இந்திய அரசு 1988-89 ஆம் ஆண்டில் எட்டு மாவட்டங்களில் நிலப்பதிவுகளைக் கணினியில் ஏற்றும் பணியைத் தொடங்கிற்று. அண்டை மாநிலமாகிய கருநாடகம் ‘பூமி’ என்னும் திட்டத்தால் சற்றேறக்குறைய 2 கோடிப் பதிவுகளைக் கணினிப்படுத்தி, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையெழுத்து நகல் செல்லாதெனக் கூறி, 15 ரூபாய்க் கட்டணத்துக்கு அச்சிட்ட நகலை வழங்கிற்று. தமிழ்நாட்டில் ‘தமிழ்நிலம்’ என்னும் மென்பொருளில் பதிவுகள் ஏறின. இன்று மாவட்டம், வட்டம், ஊர், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைக் குறித்தால், பட்டாவையும் அ-பதிவேட்டையும் எவரும் தம் கைப்பேசியிலேயே காணலாம். பட்டா மாறுதலுக்கு இணையத்தின் வழியாகவும் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு செய்யத் தேவையில்லாத இடங்களில், பத்திரம் பதிவானதும் பட்டாவும் உடன் மாறும் ஏற்பாடும் வந்துள்ளது. அச்சிட்ட பட்டா உண்மையானதுதானா என ஆராய்ந்தறியும் குறியீடும் அதிலேயே உள்ளது.

பெட்டிக்குள் இருந்த கணக்கு வெளிவந்துவிட்டது. நம் முன்னோர் காலத்துப் பெருங்குறை ஒன்று இதனால் நீங்கிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டு உண்மைகளை அன்பர்கள் உணர்தல் வேண்டும்.

முதலாவது, கணினி வயலுக்குச் செல்வதில்லை. 1979 முதல் 1987 வரையில் ஏட்டிற் புகுந்த பிழை அப்படியே கணினியிலும் ஏறியுள்ளது. மங்கிய மையில் எழுதிய பிழையை எவரும் ஐயுறுவர். தெளிவாக அச்சாகிவரும் பிழையை உண்மையென்றே நம்புவர். பழைய ஏட்டில் அடித்தல் திருத்தல் இருப்பின் அது கண்ணிற்பட்டது. எழுதியவர் கையெழுத்தை ஊரார் அறிந்திருந்தனர். இன்று பிழையொன்று காணின், இது எவர் எழுத்து என்று கேட்டறிதல் எளிய குடியானவர்க்கு அரிதாயிற்று.

இரண்டாவது, பட்டா என்பது உரிமையைத் தோற்றுவிக்கும் ஆவணம் அன்று. நிலத்துக்கு எவர் வரி செலுத்துபவர் என்று வருவாய்த் துறை குறித்துவைத்த பதிவே அது என்று நீதிமன்றங்கள் பலகாற் கூறியுள்ளன. உரிமைக்கு மூலம் விற்பனைப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை முதலியன. ஆயினும் பட்டா பிறர் பெயரில் இருப்பின், உரிமையுடையார் அதனை நிலைநாட்ட நீதிமன்றம் ஏறி இறங்க நேரும். எனவே இரண்டையும் ஒத்திருக்கச் செய்தலே அறிவுடைமை.

ஊராட்சியும் நிலக்கணக்கும்

உத்தரமேரூரில் ஊராட்சியும் ஊர்க்கணக்கும் ஒரே சபையின்கீழ் இருந்தன. கும்பினியார் காலத்திற் கணக்கு ஆட்சியரைச் சேர்ந்தது, ஊர்ச்சபை மங்கிற்று. பின்னர் 1920, 1950, 1958 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் ஊராட்சிகள் எழுந்தன. 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின், 1994 ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கனவாக 29 பொருள்களை அத்திருத்தம் அட்டவணைப்படுத்திற்று. நில மேம்பாடும் நிலச் சீர்திருத்தமும் அவற்றுள் உள்ளன; நிலக்கணக்கு இல்லை. தெரு, விளக்கு, குடிநீர், வீட்டுவரி ஆகியவை ஊராட்சியின்பால் உள்ளன. பட்டாவும் அடங்கலும் வருவாய்த் துறையின்பால் உள்ளன. ஆதலின், ‘என் பட்டாப் பிழையைத் திருத்துக’ என ஊராட்சித் தலைவரிடம் முறையிட்டு ஆண்டுகளைப் போக்குவார் பயன் பெறார்.

எனினும் சபை வேண்டற்பாலது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களிற் கூடும் கிராம சபையில், ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் முதலிய பொதுநிலங்களின் கணக்கைப் படிக்குமாறு ஊரார் கேட்டல் வேண்டும். தனியார் நிலத்தைக் காக்க உடையவன் உளன். பொதுநிலத்தைக் காக்க ஊரே உளது. அந்நிலங்களின் புல எண்களைக் கைப்பேசியில் எவரும் பார்க்கக் கூடிய இக்காலத்தில், அறியோம் என்று கூறுதல் பொருந்தாது.

எம் இல்லத்துப் பெட்டி

எம் பாட்டனார் 1980 ஆம் ஆண்டு வரையில் ஓர் ஊரின் கணக்கராயிருந்தார். அரசுக்குரிய ஏடுகளை அவர் ஒப்படைத்துவிட்டார். தம் பயிற்சிக்கும் நினைவுக்குமாக எழுதிவைத்த குறிப்பேடுகள் மட்டும் ஒரு மரப்பெட்டியில் எம் இல்லப் பரணில் இருந்தன. ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அப்பெட்டியை இறக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கி மீண்டும் பரணில் ஏற்றுவது எம் இல்லத்து வழக்கம். அதனைத் திறந்து படித்தார் எவருமிலர்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளியிற் பயிலும் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் எம்மைக் காண வந்தார். கூலிவேலை செய்து வாழ்பவர். அவருடைய பாட்டனார் உழுதுவந்த 62 சென்ட் நிலம், புதுப்பித்த பதிவில் அடுத்த புலத்தாருடைய பட்டாவிற் சேர்ந்துவிட்டது. திருத்தம் வேண்டிப் பன்முறை அலைந்தும், பழைய ஆதாரம் கொணர்க என்ற விடையே அவர்க்குக் கிடைத்தது. “ஐயா, தங்கள் பாட்டனார் எழுதிய கணக்கில் என் பாட்டனார் பெயர் இருக்குமோ?” என்று அவர் வினவினார்.

அன்றிரவு பெட்டியைத் திறந்தோம். 1384 ஆம் பசலிக் குறிப்பேட்டில், அதாவது 1974-75 ஆம் ஆண்டில், அப்புல எண்ணுக்கு எதிரே அம்முதியவர் பெயரும், சம்பா நெல் என்ற குறிப்பும், ‘நேரிற் பார்த்தது’ என்ற சொற்களும் எம் பாட்டனார் கையெழுத்தில் இருந்தன. அடுத்த புலத்தார் எவரென நோக்கினோம். அவர் எமக்கு நெருங்கிய உறவினர். நம் சங்கத்தைச் சேர்ந்தவர்.

இரண்டு நாள் யாம் உறங்கவில்லை என்பதை ஒளியாது கூறுகின்றோம். வீட்டுக் கணக்கை வெளியார்க்குக் காட்டலாமோ என்று உறவினர் கேட்டனர். அது வீட்டுக் கணக்கன்று, ஊர்க்கணக்கு என்பதே எம் விடையாயிற்று. குறிப்பேட்டை அவரிடம் காட்டினோம். தனியார் குறிப்பு சட்டப்படி சான்றாகாது. எனினும் எந்த ஆண்டின் எந்த ஏட்டைக் கேட்கவேண்டும் என்பது அதனால் தெரிந்தது. அதனைக் கொண்டு பதிவறையில் இருந்த பழைய அடங்கலின் சான்றிட்ட நகலை அவர் பெற்றார். நிலம் அளக்கப்பட்டது, விசாரணை நடந்தது, ஏறத்தாழ ஈராண்டு கழித்துப் பதிவு திருத்தப்பட்டது. எம் உறவினர் இன்றும் எம் இல்லத்து நன்மை தீமைகளுக்கு வருவதில்லை. அது எமக்கு வருத்தமே. ஆயினும் எம் பாட்டனார் ‘நேரிற் பார்த்தது’ என்று எழுதிய எழுத்து பொய்யாகாமற் காத்தோம் என்ற அமைதி எமக்கு உண்டு.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாற்றால் நமக்கு உண்டாகும் கடமைகள் சில.

ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பட்டாவை இம்மாதத்திலேயே எடுத்துப் பார்த்தல் வேண்டும். பத்திரத்திலுள்ள புல எண்ணும் பரப்பும் பட்டாவிலுள்ளவற்றோடு ஒத்துள்ளனவா என ஏக்கரை ஹெக்டேராக்கி ஒப்புநோக்குக. வில்லங்கச் சான்றையும் உடன்வைத்துப் பார்க்க. பிழை காணின் வட்டாட்சியர்க்கு எழுத்து வழியே விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று வைத்தல் வேண்டும். அவர் ஆணையில் நிறைவில்லையேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. ஆண்டுதோறும் நிகழும் ஜமாபந்தியிலும் மனு அளிக்கலாம்.

பாட்டனார் பெயரில் நிற்கும் பட்டாவை வாரிசுதாரர் பெயருக்கு மாற்றுங்கால், மகளிரை விடுதல் ஆகாது. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 ஆம் ஆண்டிலேயே பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்திற் பங்கு அளித்தது. 2005 ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் அதனை விரிவாக்கிற்று. மகளுக்கு அவ்வுரிமை பிறப்பாலேயே உண்டென 2020 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. ‘அவள் வேறு வீட்டுக்குப் போனவள்’ என்று கூறி ஏட்டிலிருந்து நீக்குதல், பிறர் பெயரை விட்டெழுதிய பழம்பிழையை நம் வீட்டினுள்ளேயே மீண்டும் செய்வதாகும்.

மூன்றாவது, நம் பரண்களில் உள்ள பெட்டிகளைத் திறத்தல் வேண்டும். அரசுக்குரிய ஏடு எதுவேனும் தப்பியிருப்பின் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்க. ஓலைச்சுவடிகள் இருப்பின், அவற்றைக் காத்தற்கும் படித்தற்கும் வல்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அளிக்க. குறிப்பேடுகளின் படிகளை எடுத்து, ஊரார் எவர் கேட்பினும் காட்டுக. கேட்பவர் எக்குலத்தார் என்று நோக்குதல் வேண்டா. கணக்கில் உள்ளது எதுவோ அதனையே காட்டுக. பஞ்சமி நிலம் பற்றிய குறிப்பு இருப்பினும் அவ்வாறே காட்டுக. அந்நிலம் நம்மவர் கையில் இருப்பினும் காட்டுக.

கணக்கன் கெட்டாற் பழங்கணக்குப் பார்ப்பான் என்றனர் முன்னோர். பழங்கணக்கைப் பாராது பரணிற் பூட்டி வைப்பின், நாம் கெடாவிடினும் பிறர் கெடுவர். எழுதுகோல் நம் கையை விட்டு நீங்கிவிட்டது. ‘இவை என் எழுத்து’ என்று நின்று விடைகூறும் கடமை இன்னும் நீங்கவில்லை. எம் முன்னோர் எழுத்துக்கு எம்மால் இயன்ற அளவு விடை கூறினோம். அன்பர்களும் தத்தம் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து, கண்டவற்றைச் சங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகின்றோம்.